தங்கையின் கால்கள்

என் தங்கையை முதன்முதலில் டான்ஸ் கிளாசுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அவளைச் சேர்ப்பதற்காகப் போகவில்லை. அங்கே சேர்ந்திருந்தது நான். எனக்கு அப்போது பதினொரு வயது, அவளுக்கு ஏழு. அம்மா அங்கன்வாடியில் வேலை பார்த்தாள், சனிக்கிழமைகளில் அவளுக்கு ஏதாவது கூட்டம் இருக்கும். அப்பா கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி அள்ளும் லோடர் ஓட்டுகிறவர். மத்தியான ஷிப்ட் என்றால் அவரும் வீட்டில் இருக்க மாட்டார். போலகத்தில் எங்கள் வீட்டில் அவளைத் தனியாக விட முடியாது என்பதால், "அக்காகூடப் போயி ஓரமா ஒக்காந்துரு" என்று அனுப்பிவைத்தார்கள்.

கிளாஸ் நடந்தது திருமலைராயன்பட்டினத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில். முகூர்த்த நாளில் கிளாஸ் கிடையாது. முகூர்த்தத்துக்கு மறுநாள் கிளாஸ் இருந்தால் தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், நாங்களே சோப்புத்தூள் போட்டுத் துடைத்துவிட்டு ஆடுவோம். டீச்சர் நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சின்னப் பெண். கைப்பையில் தாளம் தட்ட ஒரு தட்டுக்கழி, ஒரு சின்ன ஸ்பீக்கர், எப்போதும் ஒரு பாக்கெட் பிஸ்கட்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, டீச்சர் எங்களை அரைமண்டியில் உட்காரச் சொன்னார். முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, முதுகை வளைக்காமல், பாதி உட்கார்ந்த நிலையில் நிற்க வேண்டும். பரதநாட்டியத்தில் முக்கால்வாசி அந்த நிலையில்தான் நடக்கிறது. நூறு எண்ணும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார். முப்பதில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நான் ஐம்பது தாண்டியதும் தொடை நடுங்கி நிமிர்ந்துவிட்டேன். நூறு எண்ணி முடித்தபோது எங்கள் வரிசையில் ஒருவரும் மிச்சம் இல்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பக்கத்தில், கவுனைத் தொடையிடுக்கில் சொருகிக்கொண்டு, என் தங்கை இன்னும் அரைமண்டியில் இருந்தாள். முகம் சிவந்து போயிருந்தது.

"நீ யாரு பாப்பா?"

"நான் அக்காகூட வந்தேன்."

"கால் வலிக்கலையா?"

"வலிக்குது டீச்சர். நீங்க எந்திரிக்கச் சொல்லலையே."

அடுத்த வாரத்திலிருந்து அவளும் மாணவி. அந்தப் பதிலை நான் பல வருடம் ஒரு வேடிக்கையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுடைய குணமே அதுதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வலி இல்லாதவள் போல நடிக்க மாட்டாள். வலிக்கிறது என்பதற்காக நிறுத்தவும் மாட்டாள்.

மற்ற விஷயங்களில் அவள் சோம்பேறி. சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டாள், படுக்கையை மடிக்க மாட்டாள், அடுப்படிப் பக்கம் வரவே மாட்டாள். ஆனால் பல் தேய்க்கும்போது அரைமண்டியில் நிற்பாள். பஸ் நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அப்பா சைக்கிளில் அந்தப் பக்கமாகப் போனவர் இறங்கி வந்து, "நேரா நில்லு புள்ள, பஸ்காரரு பயந்துடப்போறாரு" என்றார். அவள் நேராக நின்றாள். அவர் தலை மறைந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பதினான்கு வயதானபோது டீச்சர் வரிசையை மாற்றினார். முன்வரிசையில் இருந்த என்னைப் பின்னால் போகச் சொன்னார். என் இடத்தில் என் தங்கை. டீச்சர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், குள்ளமானவர்கள் முன்னால் நிற்கட்டும் என்பதுபோல. காரணம் உயரம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் மூன்று வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. நான்காவது சனிக்கிழமை அவளுடைய சலங்கையை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன்.

அவள் வீடு முழுவதும் தேடினாள். அழவில்லை. பஸ்ஸுக்கு நேரமானதும் வெறுங்கையோடு கிளம்பினாள். கிளாசில் மற்ற எல்லோர் காலிலும் சலங்கை கலகலக்க, அவள் மட்டும் அது இல்லாமல் ஆடினாள். டீச்சர் நடுவில் எங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் தனியாக ஆடச் சொன்னார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. காலின் முழுப் பாதமும் ஒரே நேரத்தில் தரையில் விழும் சத்தம், ஒவ்வொரு அடியும் ஒரே அளவு. எங்கள் சலங்கைச் சத்தத்துக்குள் எவ்வளவு பிசகு ஒளிந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கக்கா வச்ச?"

"அரிசி டின்னுல."

"எறும்பு ஏறியிருக்குமா?"

"ஏறாது."

அவ்வளவுதான். அம்மாவிடம் அவள் சொல்லவே இல்லை. பதினாறு வயதில், பத்தாம் வகுப்புப் பரீட்சையைச் சாக்கு சொல்லி நான் கிளாசை விட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு வருத்தமா என்றால், கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஆடுவதைப் பார்ப்பது எனக்குச் சுலபமாகிவிட்டது. கோயில் திருவிழா மேடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் "அது என் தங்கச்சி" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, காரைக்கால் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் பிளஸ் டூ முடித்ததும் பி.காம் சேர்ந்தாள். உறவினர்கள் வந்தால், "டான்ஸ் தெரியும்னா வரன் பாக்கும்போது சொல்லிக்கலாம்" என்பார்கள். அம்மாவும் தலையாட்டுவாள். தங்கையின் ஆட்டம் எங்கள் வீட்டில் அந்த அளவுக்குத்தான் ஒரு தகுதி.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவள் சொன்னாள். "அம்மா, நான் டான்ஸ வேலையாவே பண்ணப்போறேன்."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். "கிளாஸ் எடுக்கப்போறியா? எடேன். வீட்டுலயே எடுக்கலாம்."

"கிளாஸ் இல்லம்மா. சென்னையில ஒரு குழு இருக்கு. முப்பது பேரு சேர்ந்து ஆடுவாங்க. மாசச் சம்பளம் உண்டு. காலையில போயி சாயங்காலம் வரைக்கும் ஆடணும். அப்பா வேலைக்குப் போற மாதிரி."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அதுக்கெல்லாம் ஷிப்டு இருக்கா?"

"இருக்குப்பா. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சிடுவாங்க."

"ம்ம்," என்றார். மறுபடி குனிந்து சாப்பிட்டார். அம்மாவுக்குத்தான் பயம். பெண் பிள்ளை, சென்னை, ஆட்டம் என்ற மூன்று வார்த்தைகளும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்: டிகிரி முடிக்க வேண்டும், ஒரு பேப்பர்கூட அரியர் இருக்கக் கூடாது. தங்கை சரி என்றாள். கடைசிவரை ஒரு அரியர்கூட வைக்கவில்லை. கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு, அதன் எதிரே அரைமண்டியில் நின்று படிப்பாள்.

அந்தக் குழுவுக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அவள் போனில் பார்த்து விண்ணப்பித்தாள். எடுத்தாலும் டிகிரி முடித்த பிறகுதான் சேருவேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அழைப்பு வந்தது. நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். காலையில் எழும்பூரில் இறங்கி, அங்கேயே குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனோம். கடற்கரைக்குப் பக்கத்தில் உயரமான கூரை போட்ட ஒத்திகைக்கூடம். கண்ணாடி பதித்த சுவர். நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்போல இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை ஓரமாக உட்கார்ந்து, பழைய பயிற்சிப் புடவையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

முதலில் தனியாக ஆடச் சொன்னார்கள். அவள் ஆடினாள். நன்றாகவே ஆடினாள். பேசிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்ததை நானே கண்டேன். பிறகு இரண்டாவது சோதனை. குழுவைச் சேர்ந்த ஒருவர் முன்னால் நின்று புதிதாக ஒரு துண்டு ஆட்டத்தைக் காட்டினார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. பத்து நிமிடத்தில் அதைக் கற்றுக்கொண்டு ஆட வேண்டும். உடனே அதையே வலது இடதாக மாற்றியும் ஆட வேண்டும்.

என் தங்கை உடைந்துபோனாள். எங்கள் ஊர்க் கிளாசில் ஒரு உருப்படியை, அதாவது ஒரு முழு ஆட்டத்தை, ஆறு மாதம் கற்றுக்கொடுப்பார்கள். ஆறு மாதத்தில் அது உடம்புக்குள் போய்விடும். பத்து நிமிடத்தில் எதையும் அவள் கற்றதே இல்லை. வலது பக்கத்தை ஒருவழியாக ஒப்பேற்றினாள். இடது பக்கம் வந்தபோது எல்லோரும் ஒரு திசையில் திரும்ப, அவள் மட்டும் மறு திசையில் திரும்பி, பக்கத்துப் பெண்ணின் மேல் மோதினாள்.

அந்தக் குழுவை நடத்துகிற அம்மையார் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நானும் நின்றேன். நரைத்த கிராப்புத் தலை, மெதுவான குரல்.

"தனியா ஆடும்போது ரொம்ப நல்லா இருக்கும்மா. உங்க காலுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா இங்க காலையில சொல்லிக் கொடுத்தா சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து ஆடணும். அந்தப் பழக்கம் உங்களுக்கு இன்னும் வரல. அடுத்த வருஷம் வாங்க."

ரயிலில் திரும்பும்போது அவளை எப்படித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து முழுவதும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்:

"அக்கா, மூணாவது வரிசையில பச்சப் பொடவை கட்டியிருந்துச்சே ஒரு பொண்ணு, அது எங்க பாத்துச்சின்னு கவனிச்சியா?"

"எங்க பாத்துச்சி?"

"நாங்கல்லாம் அவங்க காலைப் பாத்தோம். அது இடுப்பைப் பாத்துச்சி. இடுப்பு எந்தப் பக்கம் போவுதுன்னு தெரிஞ்சா கால் தானா போவும்ல. அதான் அதுக்கு ஈசியா வந்துச்சி."

தோற்றுப்போன அரை மணி நேரத்தில், மோதிய அவமானத்தில், இதை அவள் பார்த்திருக்கிறாள். என் தங்கை இதைச் செய்தே தீருவாள் என்று நான் நம்பியது அந்த ரயிலில்தான்.

வந்த மறுநாளிலிருந்து வெறி பிடித்தவள்போல ஆடினாள். காலையில் இரண்டு மணி நேரம், காலேஜ் விட்டு வந்து மூன்று மணி நேரம், எங்கள் மொட்டை மாடியில். சிமெண்ட் தரை. நான்காவது மாதம் இடது கால் முன்னெலும்பில் வலி என்றாள். தைலம் தடவினோம். வலித்துக்கொண்டே ஆடினாள். ஒருநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டவுனில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரியுது பாருங்க. விழுந்ததால வந்ததில்ல. திரும்பத் திரும்ப ஒரே எடத்துல அடி விழுந்து வந்தது. எந்தத் தரையில ஆடுறீங்க?"

"மாடியில சார். சிமெண்ட்டு."

"சிமெண்ட்டு ஒரு இம்மிகூட அசையாதும்மா. அடிச்ச அடியெல்லாம் திருப்பி உங்க எலும்புக்குத்தான் வரும். எட்டு வாரம் காலை ஊனக் கூடாது. அதுக்கப்புறமும் இந்தத் தரையில ஆடாதீங்க."

அன்றுதான் அவள் அழுதாள். ஸ்கூட்டியில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, பாலம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தாள். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். வீட்டில் இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கைக்கு ஒண்ணும் ஆவலல்ல?" என்றாள்.

அந்த எட்டு வாரம்தான் அவளை மாற்றியது என்று நான் நினைக்கிறேன். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் என்னை எதிரே நிறுத்திவிடுவாள். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி உட்கார்ந்திருப்பாள். நான் ஏதாவது புதிதாக ஆடிக் காட்ட வேண்டும். இரண்டு தடவைதான். பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயால் தா தெய் என்று சொற்கட்டு சொல்லி, உட்கார்ந்தபடியே கைகளாலும் தோளாலும் அதைத் திருப்பிச் செய்வாள். உடனே இடது பக்கம். ஆடுவதை விட்டு ஏழெட்டு வருடமான எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. போனில் வீடியோ பார்த்துத் துண்டு துண்டாகச் சேர்த்து ஆடுவேன். சரக்கு தீர்ந்துபோனால் கண்டதையும் ஆடுவேன். ஒருநாள் லேபில் ரத்தம் எடுப்பதையே ஆட்ட அடவாக்கிக் காட்டினேன். ரப்பர் பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்து, ஊசி குத்தி, விரலை மடக்கச் சொல்லி, கடைசியில் மயங்கி விழப் போகிறவரைத் தாங்கிப் பிடிப்பதுவரை. அவள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். ஒரே தடவைதான் பார்த்தாள். அப்படியே திருப்பிச் செய்தாள். பிறகு இடது கையால் ஊசி குத்தினாள், ஒன்றுகூட விடவில்லை.

முதல் வாரம் பத்துக்கு நான்கு தப்பு வரும். ஆறாவது வாரம் நான்தான் தப்பு செய்தேன், அவள் திருத்தினாள்.

அதே வாரம் அப்பா மாடியில் வேலை ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. துறைமுகத்தில் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட் தேய்ந்துபோனால் கழித்துவிடுவார்கள். பழைய இரும்புக் கடையில் அந்த ரப்பர் துண்டுகளை வாங்கி வந்து, செங்கல் அளவுக்கு அறுத்தார். தரையில் அவற்றை வரிசையாக வைத்து, மேலே மரச்சட்டம், அதன் மேலே பலகை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது பலகையின் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாருப்பா சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? லோடு ஏத்துற வண்டிக்கு அடியில வில்லுப்பட்டை இல்லன்னா ஆக்சில் முறிஞ்சிரும்ல. அதே கததான். பாப்பாவுக்கும் அடியில பட்டை வேணும்." இன்னொரு தரம் குதித்தார். "கொஞ்சம் அமுங்குது பாரு. ஆனா ஆடல."

கட்டுப் பிரித்த பிறகு அவள் முதலில் நின்றது அந்தப் பலகையில்தான். டாக்டர் சொன்னபடி முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் இருபது. ஒரு நிமிடம் கூட்டவில்லை. வெறித்தனமாக ஆடிய பெண், போனில் மணி வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் பாதி அடியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். நிறுத்த முடியாதவளாகத்தான் அவளை எனக்குத் தெரியும். அவள் நிறுத்தக் கற்றுக்கொண்டதை, அவள் கற்ற மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்த வருடம், டிகிரி முடித்த கையோடு மறுபடி சென்னைக்குப் போனோம். அதே கூடம். பத்து நிமிடம் கொடுத்தார்கள். அவளுக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது. மிச்ச நேரத்தில், பக்கத்தில் திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மெதுவாக, "அவங்க இடுப்பைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் நின்று அதைக் கேட்டேன். இரண்டு பேரும் தேர்வானார்கள்.

முதல் வருடம் அவள் பயிற்சி பெறுகிறவள்தான். மூன்று பெண்களோடு ஒரு அறை. காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சி, எட்டிலிருந்து ஒத்திகை. மேடையில் இடம் கிடையாது. மற்றவர்களின் உடைகளை இஸ்திரி போட வேண்டும், நகைகளைப் பெட்டியில் எண்ணி வைக்க வேண்டும், ஒத்திகை நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்க வேண்டும். அம்மா போனில் கேட்பாள், "இன்னும் மேடையில ஏத்தலியா?" அவள், "பாத்துக்கிட்டிருக்கேம்மா" என்பாள். அம்மாவுக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது.

கோயம்புத்தூரில் நடந்ததை அவள் சொல்லி நான் கேட்கவில்லை, அவளுடைய அறைத்தோழி போனில் சொன்னது. சாயங்காலம் ஆறரைக்குக் குழுவின் நிகழ்ச்சி. மூன்று மணிக்கு ஒரு பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சல், எழுந்து நிற்கவே முடியவில்லை. அந்தப் பெண்ணின் இடத்துக்கு மாற்று ஆள் என்று யாரையும் வைத்திருக்கவில்லை. அம்மையார் அந்தப் பகுதியையே வெட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது இஸ்திரிப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்த என் தங்கை, "எனக்கு அவங்க ஆடுறது தெரியும்" என்றாளாம்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லித் தரல. தெனமும் பாக்குறேன்ல."

"ஆடு பார்ப்போம்."

ஆடினாள். அம்மையார் இன்னொரு பெண்ணின் பகுதியைக் கேட்டார். அதுவும் தெரிந்தது. எட்டுப் பேர் ஆடும் பகுதியில் எட்டுப் பேருடையதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அறைத்தோழி சொன்னாள்: "அக்கா, நாங்க எல்லாரும் வேலைய விட்டுட்டு ஓடி வந்து பாத்தோம். அவ என்னமோ சாதாரணமா, புடவை அளவு சரியா இருக்குமான்னு கேட்டுக்கிட்டிருந்தா." அன்று அவள் மேடை ஏறினாள். அதற்கு மறுநாளும் ஏறினாள். காய்ச்சல் குணமாகி அந்தப் பெண் திரும்பி வந்தபோது, இவளுக்கு வேறொரு இடம் கொடுத்தார்கள். அந்த வருட முடிவில் வேலை நிரந்தரமானது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் நான் சென்னைக்குப் போய், ஒருநாள் முழுவதும் அவளுடைய ஒத்திகையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவளைப் பலமுறை பார்த்திருக்கிறேன், வேலை செய்யும்போது பார்த்ததில்லை. ஒரு திருப்பம். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். காலை முழுவதும் அதையே செய்தார்கள். என் தங்கை சரியாகத்தான் செய்தாள், தப்பு வேறு யாரிடமோ இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோலவே திரும்பினாள். சலிப்பு முகத்தில் இல்லை. இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவளிடம், "போரடிக்கலையாடி?" என்றேன்.

"இல்லக்கா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நல்லாத்தான வருது."

வாயைத் துடைத்துக்கொண்டு போய் நின்றுகொண்டாள். எனக்குத் தெரிந்த யாரும், என் வேலையில் நான் உட்பட, ஒரு வேலையை இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

குழுவுக்கு வெளிநாட்டில் நிகழ்ச்சிகள் ஏற்பாடானபோது அவள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். நிரந்தர முகவரி போலகம் என்பதால் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையெழுத்துக்காக அவளும் ஊருக்கு வந்திருந்தாள். நானும் இருந்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் குளித்திருந்தார், காதோரத்தில் மட்டும் கொஞ்சம் கரி மிச்சம் இருந்தது. போலீஸ்காரர் பேப்பரைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு என்ன வேலை பாக்குறாங்க?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "டான்ஸ் ஆடுறாங்க."

"டான்ஸ் டீச்சரா?"

"இல்லீங்க. ஆடுறதுதான் வேலை."

"அது சரி. அதில்லாம வேற என்ன வேலை?"

"வேற வேலை செய்ய நேரம் ஏதுங்க? காலையில ஆறு மணிக்குப் போனா சாயங்காலம்தான் வருவாங்க. நான் லோடர் ஓட்டுறேன்ல, அது மாதிரி அவங்க ஆடுறாங்க. எனக்கு வாரத்துல ஒருநாள் லீவு. அவங்களுக்கு அதுவும் சில வாரம் கிடையாது."

போலீஸ்காரர் என் தங்கையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைத் தட்டிக்கொண்டே, "இதை எப்படிங்க எழுதுறது?" என்றார்.

அப்பா யோசிக்கவே இல்லை. "டான்சர்னு எழுதுங்க. தமிழ்ல எழுதுறதுன்னா நடனக் கலைஞர்."

அவர் எழுதினார். அம்மா அடுப்படி வாசலில் டீத் தம்ளரோடு நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "ஆவி அடிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தங்கை கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வாரம் போய் வந்தாள். குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் ஒரே புலம்பல். எந்த ஊரில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், அந்த ஊர் மேடையின் தரை எப்படி இருந்தது என்றுதான் சொல்லுவாள். இப்போது இருபத்தைந்து வயதாகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒத்திகை நடத்தும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் புதிய தயாரிப்பு ஒன்று ஆரம்பித்திருக்கிறது. அதில் அவளுக்கு இரண்டாவது வரிசை, வலது ஓரம். எனக்கு அதைக் கேட்டுக் கொஞ்சம் ஏமாற்றம்தான். முன்வரிசை கொடுத்திருக்கலாமே என்றேன். போனில் அவள் சிரித்தாள்.

"அந்த எடத்துலேருந்துதாங்க்கா எல்லாரையும் பாக்க முடியும்" என்றாள்.

அவள் அங்கே நின்று ஆடுவதைப் பார்க்க நான் அடுத்த மாதம் இரண்டு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.